வழக்கே பதியாமல் வேலை செய்த சட்டம்: திகார் சிறை, 1994

1994-இல் தில்லியின் திகார் சிறைக்குச் சென்ற மருத்துவக் குழு ஒன்று, அங்கே ஆண் கைதிகளுக்கிடையே உடலுறவு பரவலாக நடக்கிறது என்று சொன்னது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க அவர்களுக்கு ஆணுறை கொடுக்கலாம் என்று பரிந்துரையும் செய்தது. சிறை நிர்வாகம் மறுத்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி அந்த உறவே குற்றம், ஆணுறை கொடுத்தால் அதை ஊக்குவித்தது போலாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

377-ஐ எதிர்த்து இந்திய நீதிமன்றத்துக்குப் போன முதல் வழக்கு இந்த மறுப்பிலிருந்துதான் பிறந்தது. வயதுவந்தோரின் மனமொத்த தன்பால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பை எல்லோரும் அறிவார்கள். அந்தச் சட்டப் போராட்டத்தின் தொடக்கம் ஒரு சிறைச்சாலை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திகார் விவகாரத்தில் இந்தப் பிரிவின் கீழ் யார்மீதும் குற்றப்பத்திரிகை போடவில்லை, யாருக்கும் தண்டனை வாங்கித் தரவில்லை. ஆனாலும் சட்டம் அங்கே ஆயிரக்கணக்கான உடல்களின்மீது வேலை செய்தது. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சட்டமும் சிறையும்

மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் வரைவு எழுதி, 1860-இல் சட்டமாகி, 1862-இல் நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு 10 ஆண்டு வரையிலோ ஆயுள் முழுவதுமோ சிறை என்றது அதன் 377-ஆவது பிரிவு. வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்ததா, ஒருவரை இன்னொருவர் வன்முறையால் பணியவைத்தாரா என்ற கேள்வியையே அந்தப் பிரிவு எழுப்பவில்லை. இரண்டும் அதற்கு ஒன்றுதான். இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி வரைக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், பிரிவு 45. சிறைக்குள் ஒழுக்கக்கேடாகவோ ஆபாசமாகவோ நடந்துகொள்வதைச் சிறைக் குற்றம் என்று அது சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமல் சிறைக் கண்காணிப்பாளரே விசாரித்துத் தண்டிக்கலாம். 377 இல்லாவிட்டாலும் சிறை அதிகாரியின் கையில் இந்தக் கோல் இருந்தது, பல மாநிலங்களின் சிறை விதிகளில் இன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அன்றைய திகார் கொள்ளளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கைதிகளைச் சுமந்துகொண்டிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், ஜாமீன் எடுக்க ஆளில்லாதவர்கள், வாய்தாவுக்கு வாய்தா காத்திருந்தவர்கள். இரவில் ஒருவர் காலை இன்னொருவர் தலைமாட்டில் நீட்டிப் படுக்கிற நெருக்கத்தில் தனிமை என்பதற்கு இடமே கிடையாது.

கிரண் பேடி 1993 முதல் 1995 வரை அங்கே சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்தார். பின்னாளில் புதுச்சேரி துணைநிலை ஆளுநராக இருந்ததால் நம் வாசகர்களுக்கு நன்றாகவே தெரிந்தவர். திகாரில் அவர் கொண்டுவந்த மாற்றங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகார்ப் பெட்டி வைத்தார், படிப்பு வகுப்புகள் நடத்தினார், 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே நேரத்தில் விபாசனா தியான முகாம் நடத்தினார். அதே ஆண்டு அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கைதியை மனிதராக நடத்த வேண்டும் என்று உண்மையிலேயே நம்பிய ஓர் அதிகாரிதான் ஆணுறை கூடாது என்று சொன்னார். கொடுமைக்கார ஜெயிலர் ஒருவர் சொல்லியிருந்தால் இந்த நிகழ்வில் ஆராய அதிகம் இருந்திருக்காது.

மறுப்புக்குள் இருந்த தர்க்கம்

நிர்வாகத்தின் நிலையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு வேறு வாதங்கள் தெரியும்.

முதலாவது, சட்டம் தடுக்கிறது என்பது. குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பதற்கு அரசே சாதனம் வழங்க முடியாது. வெளியில் இருக்கும் ஒருவருக்கு ஆணுறை வேண்டுமானால் மருந்துக் கடைக்குப் போவார், யாரும் எதற்கென்று கேட்கப் போவதில்லை. சிறையில் அப்படியில்லை. சோறு, துணி, மருந்து எல்லாம் அரசின் கைவழியாகத்தான் கைதிக்கு வரும். அரசு கொடுக்காவிட்டால் அது அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே 377-ஐக் கொண்டு ஒரு கைதியைத் தண்டிக்க வழக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி ஒரு கோப்பில் ‘இல்லை’ என்று எழுதினால் போதும், நோய்த் தொற்று அபாயம் மொத்தமும் கைதியின் தலையில் விழுந்துவிடும்.

இரண்டாவது, ஊக்குவிப்பு என்பது. ஆணுறை வந்தால் உறவு பெருகும் என்ற பயம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓராண்டு முன்பே, 1993-இல், சிறைகளில் எச்.ஐ.வி. குறித்து வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருந்தது. தடை இருந்தாலும் சிறையில் உடலுறவு நடக்கிறது, ஆகவே காவலில் இருக்கும் காலம் முழுவதும் ஆணுறை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நடக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசுகிற ஆவணம் அது. திகார் நிர்வாகத்துக்கோ அந்த ஒப்புதலே பெரிய தடையாக நின்றது. ஒப்புக்கொண்டால், நம் காவலில் குற்றம் நடக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

இதோடு மனதை நெருடுகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. சிறையில் நடக்கிற எல்லா உறவும் மனமொத்தது என்று யாரும் சொல்ல முடியாது. தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் அங்கே உண்டு. வெளியே வந்தால் மறுபடி பெண்ணோடு வாழப் போகிறவர்கள், தனிமையால் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டவர்கள் உண்டு. பாதுகாப்புக்காகவோ பீடிக்காகவோ ஒரு பலசாலியிடம் பணிந்தவர்கள் உண்டு. வன்முறைக்கு ஆளான இளைஞர்களும் உண்டு. இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடைத்து ‘சிறை ஓரினச்சேர்க்கை’ என்று பேசும்போது பெரிய அநியாயம் நடந்துவிடுகிறது. தன்பால் ஈர்ப்பாளர்மீது வன்கொடுமையாளர் என்ற முத்திரை விழுகிறது, வன்கொடுமைக்கு ஆளானவரோ குற்றத்தில் பங்காளி ஆகிவிடுகிறார். 377 இப்படித்தான் பார்த்தது. புகார் கொடுக்கப் போகிற ஒரு கைதி, தானும் அந்தப் பிரிவுக்குள் இழுக்கப்படுவோமோ என்று பயந்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் கிருமி இந்த வேறுபாடு எதையும் பார்க்காது. சில மாதங்களில் ஜாமீனில் வீட்டுக்குப் போகப் போகிற விசாரணைக் கைதிக்குத் தொற்று வந்தால் அது அவரோடு மனைவியிடமும் போகும்.

மனு

நீதிமன்றத்துக்குப் போனது ‘எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்’ என்ற சிறிய குழு. சுருக்கமாக ஏ.பி.வி.ஏ. வெளிப்பணம் வாங்காமல் இயங்கிய தன்னார்வலர்கள். இந்தியாவில் தன்பால் ஈர்ப்பாளர்களின் நிலை பற்றி 1991-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 377-ஐ நீக்கச் சொன்னவர்கள். தில்லியின் மத்தியப் பூங்காவில் ஆண்களைப் போலீஸ் பிடித்துப்போனதைக் கண்டித்து 1992 ஆகஸ்ட் 11 அன்று காவல்துறைத் தலைமையகத்தின் முன்பு போராடியவர்களும் இவர்கள்தான்.

1994-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இவர்கள் போட்ட மனு ஆணுறையோடு நின்றுவிடவில்லை. 377 அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவிக்கச் சொன்னது. தன்பால் ஈர்ப்பாளர் என்றோ எச்.ஐ.வி. உள்ளவர் என்றோ காரணம் காட்டிக் கைதிகளைத் தனியே பிரித்து அடைக்கக் கூடாது என்றது. சிறை மருந்தகத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள் வேண்டும், ஆணுறை இலவசமாகக் கிடைக்க வேண்டும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவைச் சிறை நிர்வாகம் தொடர்ந்து கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கேட்டது.

பிரித்து அடைக்கக் கூடாது என்று அவர்கள் வலியுறுத்தியதற்குப் பின்னணி இருக்கிறது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது நாடே பயந்துபோனது. அந்தப் பயத்துக்கு அரசு கண்ட மருந்து பூட்டுதான். 1989-இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை, எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி 64 நாள் அடைத்து வைத்தார்கள். வெளியில் இருப்பவரையே அப்படிச் செய்த அரசு, ஏற்கெனவே உள்ளே இருப்பவரை என்ன செய்யும் என்பது நியாயமான கவலைதானே?

அரசியல் களத்தில் மனுவுக்குத் துணை இல்லை. தன்பால் ஈர்ப்பை மேற்கிலிருந்து வந்த சீரழிவு என்று பார்ப்பதில் வலதுசாரிகளுக்கும் இடதுசாரிகளில் ஒரு பகுதிக்கும் அன்று வேறுபாடு இருக்கவில்லை. அதே 1994-இல் மும்பையில் நடக்கவிருந்த தன்பால் ஈர்ப்பாளர் மாநாட்டை நிறுத்தும்படி பிரதமர் நரசிம்ம ராவுக்குக் கடிதம் எழுதியவர் இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் விமலா ஃபரூக்கி. அது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோடு நெருக்கமான அமைப்பு. ஓட்டுரிமை இல்லாத கைதிக்காக, அதுவும் இந்த விஷயத்துக்காக, எந்தக் கட்சியும் வாய் திறக்கத் துணியவில்லை.

மனு ஏழு ஆண்டுகள் கிடந்தது. 2001-இல் மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடியானது. பணமும் ஆள்பலமும் இல்லாத ஒரு குழுவால் அவ்வளவு காலம் ஒரு வழக்கைக் கட்டி இழுக்க முடியவில்லை. ஆணுறை கொடுக்க மறுத்தது சரியா தவறா என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை.

அதே கேள்வி, வேறு சிறைகள்

ஏறத்தாழ இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 50 கைதிகள் ஆணுறை கேட்டு மாநில அரசுமீது தாங்களே வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடைமுறைச் சிக்கல்களில் மாட்டிக்கொண்டாலும் 1996-இல் அரசு ஆணுறை வழங்கத் தொடங்கியது. பின்னர் நடந்த ஆய்வுகளில், உறவோ வன்கொடுமையோ அதனால் பெருகியதாகத் தெரியவில்லை. அங்கே 1984-லேயே தன்பால் உறவு குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதனால்தான் கைதிகள் பெயரை மறைத்தாவது முன்வர முடிந்தது. திகார் வழக்கில் ஒரு கைதிகூட மனுதாரராக வரவில்லை. வர முடியாது, வந்தால் அது குற்ற ஒப்புதல். டாக்டர்கள் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள், ஆர்வலர்கள் பேசினார்கள். யாருடைய உடலைப் பற்றிப் பேச்சோ அவர் குரல் மட்டும் ஆவணத்தில் இல்லை. இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

ஜமைக்காவில் நடந்தது பயங்கரம். நம்மைப் போலவே ஆங்கிலேயர் காலத்துத் தன்பால் உறவுத் தடைச் சட்டம் உள்ள நாடு. 1997 ஆகஸ்டில் சிறைகளில் வார்டர்களுக்கும் கைதிகளுக்கும் ஆணுறை தரப்போவதாகச் சிறைத்துறை ஆணையர் அறிவித்தார். தங்களையும் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு வார்டர்கள் வேலையை விட்டு வெளிநடப்பு செய்தார்கள். காவல் இல்லாத சிறைகளில் கலவரம் வெடித்தது. தன்பால் ஈர்ப்பாளர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் தேடித் தேடித் தாக்கப்பட்டார்கள். 16 கைதிகள் செத்தார்கள்.

இதைக் காட்டி, திகார் நிர்வாகம் மறுத்தது புத்திசாலித்தனம் என்று வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே குற்றம் என்று வைத்திருக்கிற ஒன்றுக்கு, வார்டர்களையோ கைதிகளையோ தயார்ப்படுத்தாமல், உள்ளே திடீரென்று சாதனம் தருவதாக அறிவித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் ஜமைக்கா காட்டியது. சட்டத்தையும் சேர்த்து மாற்றுங்கள் என்று ஏ.பி.வி.ஏ. ஒரே மனுவில் கேட்டது எவ்வளவு சரி என்பது அங்கேதான் விளங்குகிறது.

எண்ணிக்கையில் வராத பாதிப்பு

திகார் மனு தள்ளுபடியான அதே 2001-இல், ஜூலை மாதம், லக்னோவில் ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்துகொண்டிருந்த ஊழியர்கள் நான்கு பேரைப் போலீஸ் கைது செய்தது. பாதுகாப்பான உறவு பற்றிய பிரசுரங்களும் ஆணுறை விளக்கப் பொருட்களும் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. 47 நாள் சிறையில் இருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்யும் தொண்டு நிறுவனமான நாஸ் அறக்கட்டளை 377-க்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் அரசின் இரண்டு துறைகள் இரண்டு குரலில் பேசின. உள்துறை 377 வேண்டும் என்றது. சுகாதாரத் துறையின் கீழ் வரும் நாக்கோ, எய்ட்ஸ் தடுப்புக்கு இந்தச் சட்டமே இடைஞ்சல் என்று 2006-இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. 1994-இல் மருத்துவக் குழுவுக்கும் சிறை நிர்வாகத்துக்கும் நடந்த அதே சண்டை இப்போது அமைச்சகங்களுக்கு நடுவே நடந்தது.

2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் வயதுவந்தோரின் மனமொத்த உறவை 377-இலிருந்து விடுவித்தார்கள். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 150 ஆண்டுகளுக்கும் மேலாக 200-க்கும் குறைவானவர்கள்மீதே இந்தப் பிரிவில் வழக்கு நடந்திருக்கிறது, பாதிக்கப்படுவோர் மிகச் சிறு பகுதியினர் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று.

இங்கேதான் திகாரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பதிவான தீர்ப்புகளை எண்ணினால் திகார் கணக்கில் சுழியம். ஓர் ஆணுறை மறுக்கப்பட்டதால் தொற்று வாங்கியவர் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் வரமாட்டார். அடிபட்டும் புகார் கொடுக்காமல் ஒடுங்கிக் கிடந்தவரும், போலீஸ் மிரட்டிப் பணம் பறித்துவிட்டு அனுப்பியவரும் வரமாட்டார்கள். சட்டம் மிக ஆழமாக வெட்டியது வழக்குப் பதியாத இடங்களில். நீதிமன்றம் எண்ணியது பதிந்த இடங்களை.

2018-க்குப் பிறகு சிறையில் என்ன

2018 தீர்ப்பு கண்ணியம், அந்தரங்கம், சமத்துவம் ஆகியவற்றின்மீது நிற்கிறது. வரலாறு இந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா அதில் எழுதினார். சிறையைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது. வயதுவந்தோர் தனிமையில், மனமொத்து என்பதே அந்த விடுதலையின் எல்லை. கொட்டடியில் தனிமை ஏது? சிறை ஒழுங்கு விதிகள் அப்படியே இருக்கின்றன.

கைதிகளுக்கு நேரடியாக உதவக்கூடிய சட்டம் அதிகச் சத்தமில்லாமல் வந்தது. தீர்ப்பு வந்து நான்கு நாள் கழித்து, 2018 செப்டம்பர் 10 அன்று, எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது. ஆணுறை உள்ளிட்ட தடுப்பு வழிகளை வேறெந்தச் சட்டத்தைக் காட்டியும் தடுக்க முடியாது, அவை குற்றமும் ஆகாது என்கிறது அதன் 22-ஆவது பிரிவு. அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சைக்கு உரிமை உண்டு என்கிறது 31-ஆவது பிரிவு. தொற்று உள்ளவரைப் பிரித்து ஒதுக்குவதும் பாகுபாடு என்ற கணக்கில் வருகிறது. 1994 மனுவில் இருந்த கோரிக்கைகளில் முக்கியமானவை ஏறத்தாழ அப்படியே இந்தச் சட்டத்தில் இருக்கின்றன. சிறைக் கைதிகளிடையே எச்.ஐ.வி. அளவு சுமார் 2 விழுக்காடு என்றும், நாட்டின் வயதுவந்தோரிடையே சுமார் 0.2 விழுக்காடு என்றும் நாக்கோவின் கணக்கீடுகள் சொல்கின்றன. பத்து மடங்கு வித்தியாசம். சட்டம் இருந்தும் சிறைக் கண்காணிப்பாளர்கள் இன்னும் ஆணுறை என்றால் தயங்குவதை இந்த எண்ணுக்கு முன்னால் எப்படி நியாயப்படுத்த முடியும்?

உள்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் திருநர் கைதிகளை நடத்தும் முறை பற்றியும், 2024 ஜூலையில் தன்பால் ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோர் சிறையில் இருக்கும் தங்களுக்கு வேண்டியவரைப் பாகுபாடில்லாமல் சந்திக்கும் உரிமை பற்றியும் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. காதலரைப் பார்க்கப் போய் ‘நீ யார் அவனுக்கு?’ என்ற கேள்வியில் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறவருக்கு இரண்டாவது கடிதம் சிறிய விஷயமே இல்லை.

அதே மாதம் நடந்த இன்னொன்றுதான் கவலை தருகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை. 2018 தீர்ப்பு மனமொத்த உறவை மட்டுமே விடுவித்தது, வன்முறை உறவுக்கு அந்தப் பிரிவை உயிரோடு விட்டிருந்தது. புதிய சட்டம் மொத்தமாக நீக்கிவிட்டது. பாலியல் வன்கொடுமையைக் குறிக்கும் 63-ஆவது பிரிவு, ஆண் பெண்ணுக்கு இழைப்பதை மட்டுமே பேசுகிறது. மனமொத்ததும் வன்முறையும் ஒன்று என்று 1860-இல் கண்மூடியவர்கள் இரண்டையும் சேர்த்துத் தண்டித்தார்கள். 2024-இல் இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு, மனமொவ்வாத உறவுக்காவது அந்தப் பிரிவை வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே பரிந்துரைத்திருந்தது, அதை அரசு ஏற்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் இது பற்றி விரைவாக முடிவெடுக்குமாறு மத்திய அரசிடம் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி மனுவை ஏற்க மறுத்தது.

இன்று ஒரு சிறையில் 19 வயது விசாரணைக் கைதி ஒருவரை இன்னொரு ஆண் கைதி வன்கொடுமை செய்தால், சிறை அதிகாரி எந்தப் பிரிவில் புகார் அனுப்புவார்? சாதாரணக் காயம் என்றால் பிரிவு 115, அதிகபட்சம் ஓராண்டு. கொடுங்காயம் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் பிரிவு 117, ஏழாண்டு வரை. நடந்ததை அதன் பெயரில் பதியப் பிரிவு எதுவும் இல்லை. பாதிக்கப்படுபவர் எந்தப் பாலினமானாலும் பொருந்தும்படி ஒரு பிரிவைச் சன்ஹிதாவில் சேர்க்க வேண்டும். எச்.ஐ.வி. சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் உரிமை எல்லா மத்திய, கிளைச் சிறைகளிலும் நடக்கிறதா என்று மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பாலியல் புகாரைக் கைதி சிறை நிர்வாகத்திடம் அல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்திடம் நேரடியாகக் கொடுக்க வழி வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஒரு மாநில அரசு நினைத்தால் அரசாணையிலேயே செய்துவிடலாம்.